தாம்போதியில் நிற்காத கார்

என் அத்தான் பிரதாபனுக்கு இருப்புக் கொள்ளாது. அவர் தேநீர் குடிப்பதைப் பார்த்தாலே விளங்கிவிடும். முதல் மிடறு தேநீர் ஊற்றிய குசினி வாசலில், அடுத்தது கிணற்றடியில், மிச்சம் தெருப் படலையில். வெறும் கோப்பையை மதிலிலோ தண்ணீர்த் தொட்டியிலோ வைத்துவிட்டு ஆள் போய்விடும். பின்னேரமானால் அவர் பெண்சாதி, என் அக்கா சுலோஜனா, வளவைச் சுற்றிக் கோப்பை பொறுக்குவாள்.

நான் பக்கத்து வளவில் இருப்பவள். பெயர் மீனலோசனி. புங்குடுதீவில், இறுப்பிட்டி உபதபாலகத்தில் வேலை. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அக்கா எதையும் வாய்விட்டுச் சொல்லாத பிறவி. அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசவேண்டியிருக்கிறது.

அத்தான் பார்க்காத தொழில் இல்லை. மினிபஸ்ஸில் நடத்துநராக நின்றார். குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுப் படகுகளுக்கு ஆள் ஏற்றினார். வெங்காயம் வைத்தார், ஜெனரேற்றர் திருத்தினார், கொஞ்சக் காலம் ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் இருந்தார். ஒன்றிலும் தோற்றுப்போகவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல். தோற்றுப்போய் விட்டிருந்தால், மனுசன் பாவம் என்று இரங்கலாம். நன்றாக நடந்துகொண்டிருந்ததை ஒரு காலை எழும்பி விட்டுவிட்டு வருவார். கேட்டால், "ஒரே இடத்திலை நிக்கேலாது, மீனா" என்பார். வாடகைக்கு ஓடிய வானை மட்டும் அவர் விடவில்லை. அது ஓடிக்கொண்டே இருக்கிற தொழில் என்பதால் விடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வான் ஓட்டத்தில் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. புங்குடுதீவையும் வேலணையையும் இணைக்கும் தாம்போதியில் அவர் நிற்கமாட்டார். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நீட்டுக்கு ஒரு றோட்டு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த இடத்தைக் கண்டதும் இறங்கிப் படம் எடுக்கவேண்டும். "அங்காலை போய் எடுக்கலாம்" என்பார் அத்தான். அங்காலை என்றால் வேலணை வங்களாவடிச் சந்தி. அங்கே றோட்டில் படுத்திருக்கும் மாட்டைத்தான் படம் எடுக்கலாம். பிள்ளைக்கு வயிற்றைப் பிரட்டுகிறது என்று தாய்மார் கெஞ்சினாலும் பொலித்தீன் பையை நீட்டுவாரே தவிர, பிரேக்கில் கால் வைக்கமாட்டார்.

ஏன் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. மகன் நிமலன் அப்போது சின்னப் பெடியன். அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை, ஏழு மாதம். ஒரு காலை அவளுக்கு வலி வந்தது, இரத்தமும் பட்டது. அத்தான் அவளைப் பழைய டொல்பின் வானில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடினார். தாம்போதி நடுவில் பின் ரயரில் காற்றுப் போனது. மேலதிகச் சில்லை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. சண்டை திரும்பத் தொடங்கிய காலம். றோட்டில் வாகனம் இல்லை. வெயில் உச்சிக்கு வரும்வரை நின்றார்கள். கடைசியில் மீன் லொறி ஒன்று ஏற்றிக்கொண்டு போனது. பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. பெண்பிள்ளை.

அந்தச் சில்லுக்குக் காற்று அடிக்காமல் நாளைக்கு நாளைக்கு என்று வைத்திருந்தது தான்தான் என்று அத்தான் ஒருமுறை என் புருசனிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. தாம்போதியில் நிற்கவும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நிமலன் ஜேர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்தான். வந்தவன் கொழும்பில் ஒரு பழைய ஜேர்மன் காரை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் இறங்கினான். இரண்டு கதவு, கடும் நீலம், நிலத்தோடு நிலமாகக் கிடக்கும். பந்தயக் கார் சாதி என்று சொன்னான். இறுப்பிட்டியில் யாரோடு பந்தயம் என்று கேட்டேன். பின்னுக்கு இருக்கை என்று ஒன்று இருக்கிறது. அதில் இருக்கிறவர் காலைக் கழற்றிக் கையில் வைத்திருக்க வேண்டும். விடுமுறை முடிந்ததும், "அப்பா, நீங்கள் வைச்சு ஓடுங்கோ" என்று திறப்பைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

அத்தானுக்கு அந்தக் காரில் பிடித்தது வேகமோ நிறமோ இல்லை. ரயர். அதற்கு ரன்ஃபிளற் என்று பெயர் என்று நிமலன் விளங்கப்படுத்தினான். பக்கச்சுவர் நல்ல தடிப்பு. உள்ளே இருக்கிற காற்று முழுக்கப் போனாலும் ரயர் சப்பையாகாது, காரைத் தாங்கிக்கொள்ளும். மெதுவாக ஓடினால் எண்பது கிலோமீற்றர் போய் ஒரு கடையைப் பிடிக்கலாம். அதனால் காரில் மேலதிகச் சில்லும் இல்லை, காரை உயர்த்துகிற ஜக்கும் இல்லை. காற்றுக் குறைந்தால் முன்னுக்கு ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அதைப் பார்த்து நடந்தால் சரி.

"அப்ப நிக்கவே தேவையில்லையோ?" என்று அத்தான் கேட்டார்.

"தேவையில்லை அப்பா."

அத்தான் குந்தியிருந்து அந்த ரயரைத் தடவினார். எனக்கு அப்போதே விளங்கியது. அடுத்த மாதம் வானை விற்றுவிட்டார். பிறகு வீட்டுக்கு வருகிற ஒருவரும் அந்த ரயரைப் பற்றிக் கேளாமல் திரும்பிப் போனதில்லை.

கார் வருவதற்குக் கொஞ்சம் முன்னரே அக்காவுக்கு நாரியில், இடுப்பின் பின்பக்கத்தில், நோ தொடங்கியிருந்தது. முள்ளந்தண்டில் ஒரு தட்டு விலகியிருக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் படம் எடுத்துப் பார்த்துச் சொன்னார்கள். கிழமைக்கு ஒருமுறை வந்து பயிற்சி செய்யவேண்டும், விடாமல் செய்தால் கத்தி வைக்காமல் தப்பலாம், விட்டால் ஒரு கால் இழுக்கத் தொடங்கும் என்று பயிற்சி கொடுக்கிற பிள்ளை தெளிவாகச் சொன்னாள். நானும் பக்கத்தில் நின்று கேட்டேன்.

முதல் இரண்டு மாதம் அக்கா ஒழுங்காகப் போனாள். வானில் போன காலம் அது. கார் வந்த பிறகு ஒரு கிழமை தலையிடி என்றாள், ஒரு கிழமை விரதம் என்றாள், ஒரு கிழமை வீட்டில் கோழி அடைகிடக்கிறது என்றாள். கோழி அடைகிடப்பதற்கு இவள் ஏன் வீட்டில் நிற்கவேண்டும் என்று பிடித்துக்கொண்டேன்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை," என்றாள். "அந்தக் காரிலை றோட்டிலை இருக்கிற ஒவ்வொரு கிடங்கும் நாரியிலை ஏறுது, மீனா. ஆசுப்பத்திரியிலை கிடைக்கிற சுகம் வீட்டை வாறதுக்கிடையிலை போயிடுது. போன முறை வந்து இறங்கேக்கை கால் விறைச்சுப்போச்சு."

"ரயரை மாத்தச் சொல்லு. சாதாரண ரயர் எண்டால் மெத்தெண்டு இருக்கும்."

"அவர் அந்த ரயரை நம்பித்தான் நித்திரை கொள்ளுறார். விடு."

"அதுக்கு நீ காலை இழுத்துக்கொண்டு திரியப் போறியோ?"

"அம்மாளாணை நீ சொல்லக்கூடாது."

ஆணை போட்டுவிட்டாள். எனக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. ஒருவர் ஓடுகிறார், ஒருத்தி பல்லைக் கடிக்கிறாள், நான் இரண்டு வீட்டு வேலிக்கும் நடுவில் நின்று வெந்துகொண்டிருக்கிறேன். அக்காவின் கால் அவளுடையது மட்டுமா? நான் சிறுபிள்ளையாக இருந்தபோது மடத்துவெளி வரைக்கும் என்னைத் தூக்கிக்கொண்டு நடந்த கால் அது.

இந்த வருடம் வெயில் தொடங்கும்போது அந்த ரயர்கள் தேய்ந்து உள் நூல் தெரிய ஆரம்பித்தது. கடவுள் கண் திறந்தார் என்று நினைத்தேன். புது ரயர் போடத்தானே வேண்டும்? போடும்போது சாதாரணம் போட்டால் என் ஆணையும் உடையாது, அக்காவின் நாரியும் தப்பும். அத்தானுக்கோ அந்தரம் பிடித்துவிட்டது. திரும்பவும் ரன்ஃபிளற்றா, சாதாரணமா? காலையில் ஒன்று முடிவெடுப்பார், மத்தியானம் மாற்றுவார். போனில் ரயர் படம் பார்த்தபடி சாப்பிடுவார். ஒரு நாள் குழம்பென்று நினைத்து மோரைப் புட்டில் ஊற்றினார்.

வங்களாவடிச் சந்தியில் ரயர் கடை வைத்திருக்கிற இராயப்புவிடம் போனார். இராயப்பு ஊர்காவற்றுறைக்காரன், எதையும் அடித்துச் சொல்லுவான்.

"அண்ணை, உது எங்கடை றோட்டுக்குச் சரிவராது. சாதாரணம் எண்டால் நான் இருந்தபடி ஒட்டுப் போட்டுத் தருவன். உதை றிம்மிலை இருந்து கழட்டவே எனக்குச் சீவன் போகுது. ஒருக்கா காத்துப்போய் ஓடினால் பிறகு எறியத்தான் வேணும்."

"ஆனால் நிக்காதெல்லோ?"

"நிண்டால் என்ன அண்ணை, எனக்குப் போனிலை ஒரு கோல் எடுங்கோ."

அத்தான் முகம் கறுத்துத் திரும்பி வந்தார். நிமலனுக்குப் போன் போட்டார். அவன் வேறு கதை சொன்னான்: "கார் அந்த ரயருக்கெண்டே செய்தது அப்பா. மாத்தினால் வளைவிலை பிடிக்கிற பிடி குறையும். ஸ்பெயார் வைக்க டிக்கியிலை குழியும் இல்லை. காத்துப் போனால் நடுறோட்டிலை நிக்கவேண்டியதுதான்." நடுறோட்டில் நிற்கவேண்டியதுதான் என்றதும் அத்தான் எழும்பி வளவைச் சுற்றத் தொடங்கினார். கோயில் ஐயரைக் கேட்டார், மடத்துவெளியில் ஓய்வுபெற்ற பஸ் சாரதி வல்லிபுரத்தாரைக் கேட்டார், நண்டு வாங்க வருகிற லொறிக்காரனைக் கேட்டார். என்னையும் கேட்டார். "சாதாரணம் போடுங்கோ" என்றேன். "உனக்கு ரயரைப் பற்றி என்ன தெரியும்?" என்றார்.

அந்தக் காரில் கிழமைக்குக் கிழமை பக்கத்தில் இருந்து போகவேண்டியவள் ஒருத்தி குசினியில் நிற்கிறாள். அவளை மட்டும் கேட்கவில்லை.

இந்த இழுபறிக்குள் நயினாதீவுத் திருவிழா வந்தது. குறிகட்டுவான் றோட்டு முழுக்கத் தண்ணீர்ப்பந்தல். பந்தலைக் கழற்றினால் ஆணி றோட்டில் கிடக்கும். அதில் ஒன்று அத்தானின் பின் ரயரில் ஏறியிருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது. மஞ்சள் விளக்கு எரிந்தது. அத்தான் இராயப்புவிடம் கொண்டுபோனார். இராயப்பு எல்லா ரயருக்கும் செய்கிறதைச் செய்தான்: பெருவிரலால் அமத்தினான், காலால் இரண்டு உதை உதைத்தான்.

"கல்லுமாதிரிக் கிடக்கு அண்ணை. காத்து நிறைய இருக்கு. உது கொம்பியூட்டர் பிழை."

அந்த ரயர் காற்றில்லாவிட்டாலும் கல் மாதிரித்தான் கிடக்கும் என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. பேருக்குக் கொஞ்சக் காற்று அடித்தார்கள். விளக்கு அணைந்தது. நாலைந்து நாளில் திரும்ப எரிந்தது. எப்படியும் புது ரயர் போடத்தானே போகிறோம் என்று அத்தான் விட்டுவிட்டார். ஆனால் விளக்கு அவரை விடவில்லை; கண்ணுக்கு நேரே எரிந்துகொண்டிருந்தது. திருவிழாக் கடையில் வாங்கிய அம்மன் ஸ்ரிக்கர் ஒன்று கையில் இருந்தது. அதை விளக்குக்கு மேலே ஒட்டிவிட்டார்.

"அம்மாள் பாத்துக்கொள்ளுவா," என்றார். நானும் அதைக் கும்பிட்டேன்.

அடுத்த கிழமை நான் லீவு போட்டுவிட்டு அக்காவை ஆசுப்பத்திரிக்கு வெளிக்கிடுத்தினேன். இந்த முறை கோழிக்கதை எடுபடாது என்று சொல்லி நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். முழங்கால் நாடியில் முட்டியது. வழிநெடுக அக்கா கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள். கிடங்கு வரும்போதெல்லாம் அவளுடைய பின்கழுத்து வியர்த்ததை நான் பார்த்தேன். அத்தான் ரயர் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். ஆசுப்பத்திரியில் பயிற்சிப் பிள்ளை காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, போன தரத்தைவிட மோசமாய்க் கிடக்கு. இன்னும் ரெண்டு மாதம் இப்பிடியே போனால் சத்திரசிகிச்சைதான்" என்றாள். அத்தான் அப்போது அங்கே இல்லை. வெளியே யாரோடோ போனில் நின்றார்.

திரும்பி வரும்போது வேலணை தாண்டித் தாம்போதியில் ஏறினோம். வெயில் நடுத்தலையில். பாதி வந்திருப்போம், துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. பிறகு காரின் பின்பக்கம் அடித்துக்கொண்டு இழுபட்டது.

"ஓடும், ஓடும்," என்றார் அத்தான். "இது ஓடுற ரயர்."

கார் ஓடியது. றோட்டில் இரும்பு உரஞ்சுகிற சத்தம் எனக்குக் கீழே கேட்டது. அக்கா முன்னுக்குக் குனிந்து வயிற்றைப் பிடித்தாள். "அத்தான், நிப்பாட்டுங்கோ" என்று நான் கத்தினேன். அவர் காதில் விழவில்லை. இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்தபடி தூரத்தில் தெரிந்த புங்குடுதீவுக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. எனக்குப் பயம் வந்தது.

அக்கா அவருடைய கையில் கை வைத்தாள். "இஞ்சாருங்கோ. நிப்பாட்டுங்கோ."

கார் நின்றது.

ரயர் இருந்த இடத்தில் கறுப்பாகச் சில துண்டு தொங்கியது. மிச்சம் வந்த வழியெல்லாம் கிடந்தது. அத்தான் இறங்கி முன்னுக்குக் கொஞ்சத் தூரம் நடந்தார், திரும்பி வந்தார், திரும்ப நடந்தார். இராயப்புவுக்குப் போன் எடுத்தார். "வாறன் அண்ணை, பொறுங்கோ" என்று அவன் சொன்னது எங்களுக்கும் கேட்டது. பொறுப்பது எப்படி என்று அத்தானுக்குத் தெரியாது. இன்னும் யார் யாருக்கோ எடுத்தார். போகிற மோட்டார் சைக்கிளையெல்லாம் கை காட்டி மறித்தார்; மறித்தபின் அவர்களிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றார்.

நான் அக்காவைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தேன். கரையோரம் கிடந்த சீமெந்துக் கட்டையில் இருத்தினேன். எதையாவது பிடித்து எறியவேண்டும் போல இருந்தது. காருக்குள் குனிந்து தண்ணீர்ப் போத்தலை எடுக்கும்போது அம்மன் ஸ்ரிக்கரின் ஓரத்தால் மஞ்சள் வெளிச்சம் கசிவதைக் கண்டேன். உரித்துப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அத்தான் திரும்ப வந்தார். "சுலோ, நீர் காருக்குள்ளை இரும். வெயில்."

"உள்ளை இருக்க ஏலாது."

"ஏன்?"

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணால் மறித்தாள். ஆணையாவது மண்ணாவது என்று எனக்கு வந்துவிட்டது.

"ஏனெண்டால் உங்கடை ரயராலை," என்றேன். "அவளுக்கு நாரி பிளக்குது அத்தான். அதுதான் கிழமைக்கு ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு வீட்டிலை நிண்டவள். இண்டைக்கு அந்தப் பிள்ளை வெட்டவேணும் எண்டு சொல்லிப்போட்டுது. உலகத்திலை இருக்கிற எல்லாரையும் கேட்டியள். நண்டுக்காரனைக் கேட்டியள். இவளை ஒருக்கா கேட்டியளோ?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். "மெய்யே?"

"ஓம்," என்றாள் அக்கா.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றார். "உமக்காகத்தானே உந்த ரயர். அண்டைக்கு மாதிரி இன்னொருக்கா உம்மை இதிலை வைச்சுக்கொண்டு நிக்கக்கூடாதெண்டுதானே. அண்டைக்கு அந்தச் சில்லுக்குக் காத்தடிச்சு வைச்சிருந்தால்..."

"அண்டைக்கு ரயராலை இல்லை."

அக்கா அதைச் சத்தமில்லாமல்தான் சொன்னாள். நான் கடல் பக்கம் திரும்பி நின்றேன். மீன்பிடிக்கக் கடலில் நட்ட சிறகுவலைத் தடிகளில் நாரைகள் இருந்தன. எனக்குத் திரும்பத் துணிவு வரவில்லை.

"முதல் நாள் பொழுதுபட்டதிலை இருந்து பிள்ளை அசையேல்லை. காலமை நோ வந்து வெளிக்கிடேக்கையே எனக்குத் தெரியும். வானிலை ஏறேக்கை தெரியும். டொக்டரும் அதைத்தான் சொன்னவர், முதல் நாளே முடிஞ்சுதெண்டு. நீங்கள் வெளியிலை ரத்தம் எடுக்க ஓடித் திரிஞ்சனீங்கள். ரயர் போகாமல் இருந்தாலும் ஒண்டும் நடந்திராது."

"இவ்வளவு காலமும்..." என்றார் அத்தான்.

"சொல்ல வாயெடுத்த நேரமெல்லாம் நீங்கள் எழும்பிப் போட்டியள். பிறகு பயமாயும் கிடந்தது. நீங்கள் ரயரிலை கோவப்பட்டு, உங்களிலை கோவப்பட்டு, எப்பிடியோ ஓடிக்கொண்டிருக்கிறியள். அதையும் நான் பறிச்சால் ஆரிலை கோவப்படுவியள்? அசையேல்லை எண்டு முதல் நாளே ஏன் சொல்லேல்லை எண்டு என்னைக் கேட்டுப்போடுவியள் எண்டு பயந்தனான். நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

நான் கோபக்காரி. அந்த இடத்தில் கோபப்பட எனக்கு ஆளில்லாமல் போனது. அழுகை வந்தது, அழுதேன். என் அக்கா இதை வயிற்றில் வைத்துக்கொண்டு இத்தனை வருடமும் எனக்குப் பக்கத்து வளவில் இருந்திருக்கிறாள். நான் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அத்தான் எழும்பிப் போவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டு அடி வைத்தார். பிறகு திரும்பி வந்து அக்காவின் காலடியில், சுடுகிற தாரில், சப்பாணி கட்டி இருந்தார். அக்கா சேலைத் தலைப்பை எடுத்து அவருடைய தலையில் வெயில் படாமல் பிடித்தாள். இராயப்பு தன் சின்ன லொறியில் வந்து சேரும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். நான் தள்ளிப் போய் நின்றேன். என் வாழ்க்கையில் ஒரு பேச்சைக் கேட்காமல் தள்ளிப்போனது அன்றைக்குத்தான்.

இராயப்பு வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். நான் அந்த ஸ்ரிக்கர் கதையைச் சொன்னபோது அவன் உதைத்துப் பார்த்த காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "நான் கொம்பியூட்டர் எண்டெல்லே நினைச்சனான், அக்கா" என்றான். காரை ஏற்றிக் கட்டி முடித்ததும் அத்தானிடம் கேட்டான்: "இப்ப சொல்லுங்கோ அண்ணை, எந்த ரயர் போடுறது?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். "நீர் சொல்லும்."

"மெத்தெண்டு இருக்கிறதைப் போடுங்கோ," என்றாள் அக்கா. "நிண்டால் நிண்டு போவம்."

சாதாரண ரயர்தான் போட்டார்கள். நிமலன் போனில் மூஞ்சையை நீட்டினான்; வளைவில் பிடி குறையும் என்றான். எங்கள் தீவில் எத்தனை வளைவு இருக்கிறது என்று நான் கேட்டேன். டிக்கியில் குழி இல்லாததால் மேலதிகச் சில்லைப் பின் இருக்கையில் நிறுத்தி, இருக்கைப் பட்டியும் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே இனி எனக்கு அந்தக் காரில் இடமில்லை. நான் பஸ்ஸில் போகிறேன். ஒரு குறையும் இல்லை.

அக்கா கிழமை தவறாமல் போகிறாள். கால் விறைப்பு விட்டிருக்கிறது. கத்தி வேண்டுமா இல்லையா என்று இன்னும் சொல்லவில்லை. ஆனால் வேலியைப் பிடிக்காமல் என் வீட்டுக்கு நடந்து வருகிறாள். அத்தானுக்கு இருப்புக் கொள்ளாதது அப்படியேதான் இருக்கிறது. இப்போது தேனீ வளர்க்கப் போகிறேன் என்று பெட்டி அடித்துக்கொண்டிருக்கிறார். சுட்டியலால் விரலில் அடித்துக்கொண்டு அதற்கு என்னைப் பேசினார்.

போன கிழமை ஆசுப்பத்திரியால் திரும்பும்போது அவர் தாம்போதி நடுவில் காரை நிறுத்தினாராம். ரயரில் காற்று இருந்தது, எண்ணெய் இருந்தது, ஒரு பழுதும் இல்லை. எஞ்சினையும் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தாராம். "பிள்ளைக்கு என்ன பேர் வைக்க நினைச்சிருந்தனீர்?" என்று கேட்டாராம். அக்கா சொன்னாளாம்.

இதை அக்கா எனக்கு முருங்கைக்கீரை உருவியபடி சொன்னாள். அந்தப் பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை.